ஒரு சூளை, ஒரு வீடு

பத்தாயிரம் செங்கல்லுக்கு எவ்வளவு மண் வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் இந்தத் தொழிலின் இயல்பு பாதி விளங்கிவிடும். சாதாரணச் செங்கல்லுக்கு 1978ஆம் ஆண்டின் இலங்கைத் தர நியமம் வகுத்த அளவு 220 மில்லிமீற்றர் நீளம், 105 அகலம், 65 தடிப்பு. வெந்து வெளியே வந்த கல் ஒன்று ஒன்றரை லீற்றர் இடத்தை அடைக்கும். காயும்போதும் வேகும்போதும் சுருங்குவதையும் சேர்த்துக்கொண்டால், ஐந்து மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் ஆழமுள்ள குழியில் எடுக்கும் மண் பத்தாயிரம் கல்லுக்குப் போதும். போருக்குப் பிறகு வடக்கு கிழக்கில் பரவலாகக் கட்டப்பட்ட 550 சதுர அடி வீட்டுக்கு, அரைக்கல் சுவரென்றால் ஏழாயிரம் கல் அளவில் தேவைப்படும். முழுக்கல் சுவரென்றால் அதில் இரட்டிப்பு. கை பழகிய ஒருவர் நாளொன்றுக்கு ஐந்நூறிலிருந்து ஆயிரம் கல் வரை அறுப்பார். ஆக, ஒரு குடும்பம் இரண்டு மூன்று வாரம் கல் அறுத்து ஒரு சூளை மூட்டினால் இன்னொரு குடும்பத்தின் வீட்டுச் சுவர்கள் எழுந்துவிடும். திருகோணமலை மாவட்டத்தில், குறிப்பாக மூதூர், சேருவில, வெருகல் பக்கத்தில், சிறு செங்கல் வாடிகள் தலைமுறை கடந்து நின்றதற்கு இந்த ஒத்த அளவுதான் அடிப்படை என்று கருதுகிறேன். அவை நலிந்ததற்குக் கல்லின் தரத்தையும் கைவேலையின் மந்தத்தையும் காரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. வீட்டை எப்போது, எதனால், எந்த வேகத்தில் கட்டுவது என்ற முடிவு குடும்பங்களின் கையை விட்டுப் போனதுதான் முதற்காரணம். அதைக் காட்ட முயல்வதே இந்தக் கட்டுரை.

திருகோணமலையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பங்கு துறைமுகத்தைச் சுற்றியே எழுதப்பட்டது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை எழுப்பியது, பின்னர் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதற்காக மோதிக்கொண்டது, 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியது, சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள் என்று அந்தக் கதை போகும். கருங்கல்லுக்கும் இரும்புக்கும் கிடைத்த ஏடு சுட்ட மண்ணுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் நிலைமை வேறு. 335 கிலோமீற்றர் ஓடிவந்த மகாவலி அங்கேதான் கடலில் விழுகிறது. அதன் கிளையான வெருகலாறு இன்னும் தெற்கே இறங்குகிறது. மலைநாட்டிலிருந்து கரைந்து வந்த வண்டல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த சமவெளி அது. நெல்லுக்கு எந்த மண் உகந்ததோ, கொஞ்சம் மணல் கலந்தால் செங்கல்லுக்கும் அதே மண் உகந்தது. வயலும் வாடியும் அடுத்தடுத்து இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்தக் கரையோரத்தில்தான் 1660இல் ஆங்கிலக் கடலோடி ரொபேர்ட் நொக்ஸ் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டு சிறைப்பட்டு, தப்பிச் சென்று, 1681இல் அவர் வெளியிட்ட நூலில் குடிமக்களின் வீடுகளைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. தடியும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகள் அவை. ஓடு வேயவும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் சாதாரண மக்களுக்கு அனுமதியில்லை. இதைத் திருகோணமலை மாவட்டத்தின் பழைய கட்டடங்களோடு சேர்த்து வாசிக்க வேண்டும். சேருவிலயின் தாதுகோபம், திரியாயின் குன்றின்மேல் நிற்கும் தாதுகோபம், பெரியகுளத்தருகே சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற வெல்கம் விகாரை, இவை எல்லாம் செங்கல் கட்டடங்கள். வெல்கம் விகாரையில் கல்லாலான அடித்தளத்தின் மேல் செங்கற்சுவர் எழுகிறது. பௌத்தப் பள்ளிக்குப் பசுவும் விளக்கும் தானம் கொடுத்தவர்களைப் பற்றிய தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. மதத்தையும் மொழியையும் வைத்து இந்த மாவட்டத்தைக் கூறுபோடுபவர்கள் அந்தச் சுவரின் முன் சற்று நின்று யோசிக்க வேண்டும். என் கேள்வி வேறு. இவ்வளவு கல் அறுக்கவும் சுடவும் தெரிந்த ஒரு நிலத்தில் மக்களின் வீடு மட்டும் ஏன் மண்ணிலேயே நின்றது?

அறிவுக் குறை என்று சொல்ல இடமில்லை. இலங்கையின் பழைய செங்கற்கள் இன்றைய கல்லைவிடப் பல மடங்கு பெரியவை. அவ்வளவு தடித்த கல்லை வெடிக்காமல் காயவைத்து உள்வரை வேகவைப்பது சிறிய கல்லைவிடக் கடினமான வேலை. அநுராதபுரத்துத் தாதுகோபங்களின் கற்களில் மணல் பங்கு கூடுதலாக இருப்பதை ஆய்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் அரித்தெடுத்த மென்களிமண் குழம்பை மெல்லிய படையாகத் தடவிக் கட்டியிருக்கிறார்கள். சில கற்களில் அறுத்தவர்கள் இட்ட பிராமி எழுத்துகளும் குறிகளும் இருக்கின்றன. நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட தம் நூலில், கற்களின் அளவு காலப்போக்கில் குறைந்து வந்ததை வைத்துக் கட்டடங்களின் வயதை மதிப்பிட முயன்றார். அந்த முறை முழுவதும் நம்பத்தக்கதல்ல. பழைய கல்லைப் பெயர்த்துப் புதிய கட்டடத்தில் வைப்பது எப்போதும் நடந்தது. ஆனாலும் தொடர்ந்து கல் அறுத்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அவர் திரட்டிய அளவுகளே சாட்சி. கல் இருந்தது, கை இருந்தது. கல்லின் மேல் குடிமக்களுக்கு உரிமை இருக்கவில்லை. கோயிலுக்கும் விகாரைக்கும் அரசுக்கும் உரியதாயிருந்த ஒரு பொருள் உழவரின் வீட்டுக்கும் மீனவரின் வீட்டுக்கும் வந்துசேர்ந்தது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில்தான். கிடுகும் களிமண்ணும் 1964 டிசம்பர் புயலைப் போன்ற ஒன்றின் முன் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை இந்தக் கரை அறிந்திருந்தது. கல்வீடு என்பது அங்கே ஆடம்பரமாகவா இருந்தது? அடுத்த மாரியிலும் கூரைக்குக் கீழே இருப்போம் என்ற உறுதியாக இருந்தது. அந்த உறுதியைக் கொண்டுவந்து கொடுத்தவை இரண்டு மூன்று பேர் கையால் நடத்திய வாடிகள்.

வாடியின் ஆண்டு பெரும்போக அறுவடையோடு தொடங்குகிறது. ஐப்பசி முதல் தை வரை மாரி. அப்போது பச்சைக்கல்லை வெளியே வைக்க முடியாது. மாசி, பங்குனியில் வயல் காய்ந்ததும் மண் வெட்டி, முதல் நாள் மாலை நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் விடியலில் காலால் மிதித்துப் பதம் பார்ப்பார்கள். களி கூடினால் கல் வெடிக்கும். மணல் கூடினால் கல் உதிரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அளவு குழிக்குக் குழி மாறும். மர அச்சை நீரில் முக்கி, உள்ளே மணல் தூவி, இரண்டு கையாலும் அள்ளிய மண்ணை ஒரே அடியாக அச்சுக்குள் ஓங்கிப் போட வேண்டும். அடி தளர்ந்தால் நான்கு மூலையிலும் மண் நிரம்பாது. அப்படிப்பட்ட கல்லின் முனை பிறகு சுவரில் முறியும். மேலே மிஞ்சியதை வழித்தெடுத்து, களத்தில் கவிழ்த்து, அச்சை ஆடாமல் நேராக உயர்த்தினால் கல் தரையில் இருக்கும். இரண்டு நாளில் அதைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும். வைகாசிக்குப் பின் வீசும் கச்சான் காற்று பச்சைக்கல்லுக்குப் பகை. வெளித்தோல் சட்டெனக் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும்போது நடுவில் கோடு விழுந்துவிடும். அதனால் வரிசைகளைக் கிடுகால் மூடி, காற்றுக்கு எவ்வளவு இடம் விடுவதென்று நாளுக்கு நாள் தீர்மானிக்கிறார்கள். பிறகு அடியில் தீவாய்கள் விட்டு அடுக்கி, வெளியே மண் பூசி, சூளை மூட்டுவார்கள். முதல் நாள் மெல்லிய தீ. கல்லில் எஞ்சிய ஈரம் வெண்புகையாகப் போய்த் தீரும்வரை விறகைக் கூட்டக்கூடாது. 600 பாகை செல்சியசைக் கடக்கும்போது களிமண்ணின் கட்டமைப்பிலேயே இருக்கும் நீரும் வெளியேறிவிடுகிறது. அதற்குப் பின் அந்த மண் எந்த மழையிலும் சேறாகாது. 900 பாகைக்கு மேல் துகள்கள் உருகி ஒட்டத் தொடங்கும். மண்ணிலிருந்த இரும்பு சிவப்பு நிறம் கொடுக்கும். வெப்பமானி இல்லாத இடத்தில் இவை எல்லாவற்றையும் புகையின் நிறத்தையும் தீவாயின் ஒளியையும் பார்த்து அறிகிறார்கள். இதைப் பழமை என்று தள்ளுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இரவும் பகலும் கண் மூடாமல் ஒரு வேதியியல் மாற்றத்தைக் கண்ணால் அளந்து நடத்துவது உயர்ந்த தேர்ச்சி.

இந்த வேலை ஒரு குடும்பத்தின் அளவிலேயே நிற்பதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. கிராமத்தில் வீடு ஒரே மூச்சில் கட்டப்படுவதில்லை. ஒரு போகம் நன்றாக விளைந்தால் அத்திவாரம். அடுத்த போகத்தில் சுவர். மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினால் கூரை. அப்படிக் கட்டுபவருக்கு ஆயிரம் கல் வேண்டும்போது ஆயிரம் கல் கொடுக்கவும், அறுவடைவரை காத்திருக்கவும், முன்பணம் வாங்கிக்கொண்டு அவருக்கென்றே ஒரு சூளை அடுக்கவும் ஆள் வேண்டும். பெரிய ஆலை இதைச் செய்யாது; செய்யவும் முடியாது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே மழையையும் ஒரே அறுவடையையும் நம்பி இருப்பதால்தான் இந்தக் கடன் செல்லுபடியாகிறது. வாடி விற்றது கல்லை மட்டுமா? காத்திருக்கும் காலத்தையும் சேர்த்தே விற்றது. வீட்டுக்கு வேண்டிய கல் கட்டுபவரின் வளவில் இரண்டு ஆண்டு அடுக்கிக் கிடந்தாலும் கெடாது. சீமெந்து மூட்டை மூன்று மாதத்தில் வலுவிழக்கத் தொடங்கும்.

இந்த ஒத்திசைவை முதலில் உடைத்தது போர். 1990 ஜூனுக்குப் பின்னும், 2006இல் மாவிலாறு அணைக்கட்டைச் சுற்றித் தொடங்கி மூதூர், சம்பூர்வரை பரவிய சண்டையிலும் குடாவின் தென்கரை முழுதும் இடம்பெயர்ந்தது. இடையில் 2004 டிசம்பரின் ஆழிப்பேரலை மூதூரையும் கிண்ணியாவையும் அள்ளிப் போனது. சம்பூர் மக்கள் 2015, 2016இல் காணிகள் விடுவிக்கப்படும்வரை கிளிவெட்டி போன்ற இடங்களில் தற்காலிகக் கொட்டில்களில் இருந்தார்கள். திரும்பியபோது வீடுகள் தரைமட்டமாக இருந்தன. வாடி நடத்தும் குடும்பம் பத்து ஆண்டு முகாமில் இருந்தால் என்ன இழக்கும் என்பதை இழப்பீட்டுப் படிவங்கள் கேட்பதில்லை. மாடு, படகு, உழவு இயந்திரம் ஆகியவற்றுக்குப் பெறுமதி போடலாம். எந்தக் குழியின் மண்ணுக்கு எவ்வளவு மணல் என்ற அறிவுக்கும், யார் யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்ற பழக்கத்துக்கும் விலை போட முடியாது. ஆனால் போரை மட்டும் காரணமாகச் சொல்லி நிறுத்துவது பாதி உண்மை. அழிந்த ஊர்களில்தான் வரலாறு காணாத அளவு வீடுகள் கட்டப்பட்டன. செங்கல்லுக்குப் பொற்காலமாக இருந்திருக்க வேண்டிய ஆண்டுகள் அவை. அந்த ஆண்டுகளில் வாடிகள் ஏன் பெருகவில்லை என்பதே உண்மையான கேள்வி.

2010இல் இந்தியா அறிவித்த ஐம்பதாயிரம் வீட்டுத் திட்டத்தின் பெரும்பகுதி வீட்டுக்காரரே கட்டும் முறையில் நடந்தது. ஐந்தரை லட்சம் ரூபாய் தவணை தவணையாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு வரும்; மேசனையும் பொருளையும் அவர்களே தேடிக்கொள்வார்கள். போருக்குப் பிந்திய திட்டங்களில் மக்களை மதித்த திட்டம் அது என்று தயங்காமல் சொல்லலாம். அப்படியிருந்தும் பலர் வாங்கியது சீமெந்துக் கல்லை. என் வாதத்துக்கு எதிராக எழக்கூடிய வலுவான மறுப்பு இதுதான்: பணமும் முடிவும் குடும்பத்தின் கையில் இருந்தபோதே அவர்கள் செங்கல்லை விட்டுவிட்டார்களே? இதற்குத் தவணைகளின் காலத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கட்டம் முடிந்து, அலுவலர் பார்வையிட்டுச் சான்று கொடுத்த பிறகே அடுத்த பணம். மாரிக்கு முன் கூரை ஏறாவிட்டால் எல்லாம் பிந்தும். ஒரே ஊரில் நூறு வீடுகளுக்கு ஒரே மாதத்தில் அத்திவாரம் முடிகிறது; நூறு வீட்டுக்கும் அடுத்த மாதமே சுவர்க்கல் வேண்டும். ஒரு சூளைக்கு மண் வெட்டுவதிலிருந்து கல் ஆறுவதுவரை இரண்டு மாதம் எடுக்கும் வாடியால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது; அச்சு இயந்திரத்தில் அடித்துச் சில நாள் நீர் ஊற்றி விற்கும் சீமெந்துக் கல் முற்றத்தால் முடியும். கட்டும் முடிவு குடும்பத்திடம் இருந்தது உண்மை. கட்டும் வேகம் திட்டத்திடம் இருந்தது. பொருளைத் தீர்மானித்தது வேகம்.

வழியும் பொருளும் அந்த வேகத்துக்கு உதவின. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மூதூர் வீதியின் மற்றப் பாலங்களும் முடிந்தன. அதுவரை மிதப்புப் பாதைகளில் ஏறி இறங்கிய லொறி நேராக வந்து சேர்ந்தது. பாலம் இருபுறமும் திறக்கும் வழிதான். மூதூர்ச் செங்கல் நகரத்துக்குப் போகவும் அது உதவியது. ஆனால் குடாவின் வடக்கே, 1980களில் உற்பத்தி தொடங்கிய டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை கப்பலில் வரும் கிளிங்கரை அரைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஒரே குடாவின் ஒரு கரையில் ஆறு கொண்டுவந்த மண், மறுகரையில் கப்பல் கொண்டுவந்த கிளிங்கர். முதலாவது மலிவு, இரண்டாவது எப்போதும் கையிருப்பில் இருப்பது. மலிவைவிட உடனே கிடைப்பது வென்றது. அந்த உடனடித்தன்மைக்கு என்ன விலை என்பது 2022இல் தெரிந்தது. முந்திய ஆண்டில் ஆயிரம் ரூபாயளவில் விற்ற 50 கிலோ மூட்டை, டொலர் தட்டுப்பாட்டில் மூவாயிரத்தைத் தொட்டது. பாதி எழுந்த சுவர்கள் அப்படியே நின்றன. உள்ளூர் மண்ணுக்கு அந்நியச் செலாவணி வேண்டியதில்லை.

குடும்பத்தின் கையிலிருந்து முடிவை முழுவதுமாகப் பறிக்க முயன்றது இந்தியாவின் வீட்டுத் திட்டத்துக்குப் பின் வந்த உருக்கு வீட்டுத் திட்டம். வடக்கு கிழக்கில் 65,000 வீடுகளை ஆர்செலர் மிட்டல் நிறுவனம் முன்கூட்டியே செய்த உலோகச் சட்டங்களால் பொருத்தித் தரும் என்று 2015, 2016இல் அரசாங்கம் முன்வைத்தது. வீடொன்றுக்கு இருபது லட்சம் ரூபாய்க்கு மேல். வெப்பம், உழைக்கும் காலம், அடுப்பெரிக்க வசதியின்மை, பின்னர் ஓர் அறை சேர்த்துக் கட்ட முடியாமை என்று பொறியியலாளரும் மக்கள் அமைப்புகளும் எதிர்த்தார்கள். அதில் பாதியளவு செலவில் கல்லும் சாந்தும் கொண்ட வீட்டைக் கட்டலாம் என்று கணக்குக் காட்டினார்கள். திட்டம் சுருங்கி, இறுதியில் கைவிடப்பட்டது. வீடில்லாமல் கொட்டிலில் இருந்த மக்கள் கிடைக்கும் வீட்டையே வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! அந்த விவாதத்தில் வலுவாக எழுந்த ஒரு வாதம், கட்டுமானப் பணம் ஊரின் மேசனுக்கும் தச்சனுக்கும் கல் அறுப்பவருக்கும் போய்ச்சேர வேண்டும் என்பது. வாடி இல்லாத ஊரில் அந்த வாதத்தை எழுப்பவே முடியாது.

சுற்றாடலைப் பற்றிய மறுப்பை எளிதில் தாண்டிப் போகக்கூடாது. பத்தாயிரம் கல்லைச் சுட நான்கு தொன்னுக்குக் குறையாத விறகு வேண்டும். திறந்த சூளையில் வெப்பத்தின் பெரும்பகுதி வானுக்குப் போகிறது. சீமெந்து உற்பத்தியில் ஒரு தொன் கிளிங்கருக்கு எண்ணூறு கிலோவுக்கு மேல் கரியமிலவாயு வெளியேறுவது உண்மை. ஆனால் சீமெந்துக் கல்லில் சீமெந்தின் பங்கு சிறிது. சுவருக்குச் சுவர் ஒப்பிட்டால் சுட்ட கல்லே கூடுதல் சக்தியை விழுங்குகிறது. இதை மறைத்துச் செங்கல்லை இயற்கைப் பொருள் என்று புகழ்வது நேர்மையாகாது. மண் பற்றிய கேள்வி இன்னும் கூர்மையானது. மகாவலியின் மேலே பொல்கொல்லை 1976இலும், விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகலை என்பன 1980களிலும் முடிந்தபின், முன்பு வெள்ளத்தோடு வந்த வண்டலில் ஒரு பங்கு நீர்த்தேக்கங்களின் அடியில் தங்கிவிடுகிறது. தாத்தா வெட்டிய குழியை ஆறு நிரப்பியிருக்கலாம். பேரன் வெட்டும் குழியை ஆறு நிரப்பும் என்று எண்ண முடியாது. கைவிட்ட குழிகள் நுளம்பு பெருகும் இடங்களாகவும் பிள்ளைகள் விழும் இடங்களாகவும் மாறுகின்றன. 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்றதாக அறிவித்த ஒரு நாடு இதில் அசட்டையாக இருக்க முடியாது.

ஆனால் இந்தக் கேடுகள் எல்லாம் எந்த அளவில் நடக்கின்றன என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் சொன்ன குழியை நினைத்துப் பாருங்கள்: ஒரு வீட்டுக்கு இருபது கனமீற்றர் மண். வயலில் நீர் ஏறாத மேட்டுத் துண்டைத் தாழ்த்துவதற்காகவே அவ்வளவு மண்ணை எடுக்க விரும்பும் விவசாயிகள் உண்டு. மேல்மண்ணை ஒதுக்கிவைத்து, கீழ்க்களியை எடுத்தபின் திரும்பப் பரப்பினால் விளைச்சலும் கெடாது. பொறிமண்வெட்டி வைத்து ஏக்கர்க்கணக்கில் தோண்டும் ஒப்பந்தக்காரருக்கு அந்தப் பொறுமை இராது. எரிபொருளிலும் வழி உண்டு. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. பெரும்போகம் விளையும் மாவட்டத்தில் அது ஆலைகளின் பின்னால் குவிகிறது. மண்ணோடு உமியைக் கலந்தால் கல் உள்ளிருந்தே வேகும், விறகு குறையும், கல்லின் எடையும் குறையும். வேலியில் வளர்ந்து வெட்ட வெட்டத் தழைக்கும் கிளிசிறிடியா காட்டு விறகுக்குப் பதிலாகும். கட்டும் முறையிலும் சிக்கனம் உண்டு: கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் கல்லை நெடுக்காக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்குகிறார்கள். முழுக்கல் சுவரைவிடக் காற்பங்கு கல் மிச்சம். அந்த வெற்றிடம் வெயிலையும் தடுக்கும். திருகோணமலையின் ஆடி வெயிலில் அது சிறிய நன்மையல்ல.

உழைப்பைப் பற்றிய மறுப்புக்கு இவ்வளவு இலகுவான விடை என்னிடம் இல்லை. தமிழ்நாட்டில் பெருஞ்சூளைகள் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கட்டிவைத்த கதை நமக்குத் தெரியும். 2011இல் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளையிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்து அப்போது முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கொட்டியாரத்தின் சிறு வாடியை அந்தச் சூளைகளோடு சேர்த்து எண்ணுவது தவறு. வாடிக்காரர் தம் மண்ணையும் தம் நேரத்தையும் தாமே ஆள்கிறார். ஆனாலும் குடும்பத் தொழில் என்ற சொல்லுக்குப் பின்னால் கூலி எழுதப்படாத உழைப்பு இருக்கிறது. கல்லைக் கவிழ்ப்பவர் ஆணாக இருந்தால், மணல் தூவுபவரும் நிமிர்த்தி அடுக்குபவரும் நீர் சுமப்பவரும் பெரும்பாலும் மனைவி. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளும். கல்லின் விலையில் அவர்களின் நாட்கூலி சேர்வதில்லை. கைக்கல்லின் மலிவு ஓரளவுக்கு அவர்களின் முதுகில் ஏற்றப்பட்ட மலிவு. எனவே இந்தத் தொழிலைக் காக்கக் கேட்பவர்கள், நானும்தான், கல்லுக்குக் கூடுதல் விலை கொடுக்கச் சம்மதிக்க வேண்டும். பெண்ணின் உழைப்பை இலவசமாக வைத்துக்கொண்டு மரபைப் போற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தரத்தைப் பற்றிய குறையில் உண்மை உண்டு. தீவாய்க்கு அருகில் கல் கருகி வளையும். சூளையின் வெளிவரிசையில் அரைவேக்காடாக நிற்கும். கடலோரக் களியிலும் உவர்நீரிலும் அறுத்த கல்லில் ஓரிரு மாரிக்குள் வெள்ளை உப்புப் பூத்து முகம் உரியத் தொடங்கும். ஆனால் நல்ல மேசன் இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிக் கணீரென்ற ஒலி கேட்டுத்தான் சுவருக்கு எடுப்பார்; அரைவேக்காட்டை உட்சுவருக்கும் கருகலை அத்திவார நிரப்புக்கும் ஒதுக்குவார். ஒரே சூளையின் எல்லாக் கல்லுக்கும் ஒரு வேலை உண்டு என்ற அறிவு வாடிக்கும் மேசனுக்கும் இடையே இருந்த அறிவு. எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற விதி அந்த அறிவைப் பயனற்றதாக்குகிறது. மேலும், ஊருக்கு ஊர் அடித்து விற்கும் சீமெந்துக் கல்லில் சீமெந்தைக் குறைத்து மணலைக் கூட்டினால் வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது. வேகாத செங்கல் தன் நிறத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே கேட்க வேண்டியவை பெரிய மானியங்கள் அல்ல. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியச் சட்டத்தின் கீழ் களிமண் எடுக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அது சரியான சட்டம். ஆனால் ஆண்டுக்கு இரண்டு மூன்று சூளை மூட்டும் குடும்பத்துக்கும் இயந்திரத்தால் தோண்டுபவருக்கும் ஒரே அலைச்சல் என்றால், சிறியவர் சட்டத்துக்குப் புறம்பாகத் தள்ளப்படுவார், பெரியவர் தப்பிவிடுவார். குழியின் அளவையும் அதை மூடும் பொறுப்பையும் எழுதிக் கையொப்பமிட்டால் பிரதேச செயலகத்திலேயே முடியும் ஓர் எளிய பருவ அனுமதி போதும். வீட்டுத் திட்டங்களை வரைபவர்களிடம் கேட்க வேண்டியது இன்னும் சிறியது. முதல் தவணையைச் சித்திரையிலும் வைகாசியிலும் கொடுத்து ஆவணிக்குள் சுவர் கேட்காமல், தை மாதத்தில், வயலில் கதிர் நிற்கும்போதே, சுவர்க்கல்லுக்கு மட்டும் ஒரு முன்பணத்தைப் பயனாளியின் கணக்கில் போடட்டும். மாசியில் அவர் வாடிக்குப் போய் ஒரு சூளையைச் சொல்லி வைப்பார். பங்குனியில் மண் மிதிபடும். ஆனியில் கல் வளவுக்கு வந்திருக்கும். ஐப்பசி மழை தொடங்கும்போது கூரை ஏறியிருக்கும். திட்ட அறிக்கையில் இதற்குச் சேர்க்க வேண்டியது ஒரு வரி.